குல்மார்க்: பனி விழுந்தால்தான் உலை கொதிக்கும்

கேபிள் காரின் கதவு திறந்ததும் காற்று கன்னத்தில் அறைகிறது. இமையோரத்து ஈரம் அந்த நொடியே உறைந்து முள்ளாய்க் குத்துகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,950 மீட்டர் உயரம். பத்தடி நடந்தால் மூச்சு இரைக்கிறது. சுற்றிலும் வெள்ளை. வடக்கே வெகு தொலைவில், 8,126 மீட்டர் உயர நங்கா பர்பத் வெயிலில் தகதகக்கிறது.

நமக்கு முன்னால் இறங்கிய வழிகாட்டி அவசரப்படவில்லை. கையுறையைக் கழற்றி ஒரு பிடி பனியை அள்ளுகிறார். உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்க்கிறார். உருண்டை பிடிபடவில்லை. சலித்த கோலமாவு போல விரலிடுக்கில் வழிந்து போகிறது. பிறகு ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து, நாலைந்து இடங்களில் குத்தி இறக்குகிறார். எங்கே சரசரவென இறங்குகிறது, எங்கே தடுக்கிறது, தடுத்த பிறகு எங்கே திடீரென்று வெற்றாக விழுகிறது என்று கை சொல்வதைக் கேட்கிறார். கூட வந்த வெளிநாட்டு இளைஞர்கள் பூட்ஸைப் பலகையில் ‘டக்’கென்று மாட்டிக்கொண்டு துடிக்கிறார்கள். அவர் இன்னும் சரிவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நேற்றிரவு காற்று எந்தப் பக்கம் அடித்தது? எந்த மடிப்பில் பனியைக் கொண்டுபோய்க் குவித்திருக்கும்?

ஒருவழியாகத் தலையசைக்கிறார். ஒருவர் இறங்கி முடித்த பிறகுதான் அடுத்தவர். இரண்டு பேர் சேர்ந்து இறங்க அவர் விடுவதே இல்லை.

அதே நேரத்தில், 1,300 மீட்டர் கீழே, குல்மார்க் புல்வெளியில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று. வாடகைக் கோட்டுக்குள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முழங்கால் வரை கம்பூட்ஸ் போட்ட அம்மா, நாலடி நீளமுள்ள மரப்பலகையில் தயங்கித் தயங்கி உட்காருகிறார். பலகைக்கு அடியில் இரண்டு மரச்சட்டம், முன்னால் ஒரு கயிறு. இதுதான் ஸ்லெட்ஜ். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் அந்தக் கயிற்றைத் தோளில் போட்டு மேட்டில் இழுத்துப் போகிறார். உச்சிக்கு வந்ததும் முன்னால் அவர் உட்கார, பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டு அம்மா. அப்புறம் ஒரே வேகம், ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு. இறங்கும்போது அவருடைய ரப்பர் பூட்ஸின் குதிகால்தான் பிரேக்.

மேலே மலைச்சரிவைப் படிப்பவரும், கீழே கயிறு இழுப்பவரும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். அடிவாரத்துத் தங்மார்க்கும் அதைச் சுற்றிய கிராமங்களும்தான் அவர்களுக்கு வீடு. பனி விழுந்தால்தான் அங்கே உலை கொதிக்கும். அந்தப் பனிதான் சில ஆண்டுகளாக வராமல் ஏமாற்றுகிறது. வந்தால், சில சமயம் ஆளை அடித்துக்கொண்டு போகிறது. பனிச்சறுக்குச் சுற்றுலா என்றதும் நமக்குக் கண்ணில் படுவது கலர் ஜாக்கெட்டும் செல்ஃபியும். அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

மலைக்கு அந்தப் பக்கம் எல்லை

கௌரிமார்க் என்றிருந்த பெயரை 16-ஆம் நூற்றாண்டில் யூசுஃப் ஷா சக் என்ற மன்னர் குல்மார்க் என்று மாற்றினார். மலர்களின் புல்வெளி என்று பொருள். வெயிற்காலத்தில் மட்டும் ஆள் நடமாட்டம் இருந்த இந்த மேட்டுக்கு, பனிக்காலத்தில் சறுக்குப் பலகையோடு முதலில் வந்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். 1927-ல் இங்கே பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். 1948 டிசம்பரில், காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, தளபதி திம்மையா ராணுவத்துக்கு ஒரு பனிச்சறுக்குப் பள்ளியை இங்கே நிறுவினார். இன்றைய உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான். 1960-களின் கடைசியில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையமும் வந்தது.

கேபிள் கார் வந்த கதை கொஞ்சம் நீளம். பிரான்ஸ் நாட்டு நிறுவனத்தோடு 1980-களில் தொடங்கிய வேலை, வன்முறை வெடித்ததால் பாதியில் நின்றுபோனது. 1998-ல்தான் முதல் கட்டம் ஓடியது. 2005-ல் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலைத்தோள் வரை எட்டியதும் குல்மார்க்கின் தலையெழுத்தே மாறியது. உலகத்தில் இந்த உயரத்துக்கு, இவ்வளவு மலிவாக, பனிச்சறுக்குக்காரர்களைக் கொண்டுபோய் விடும் கேபிள் கார்கள் மிகக் குறைவு. ரஷ்யா, போலந்து, ஆஸ்திரேலியா, ஸ்வீடன் என்று எங்கிருந்தெல்லாமோ கிளம்பி வந்தார்கள். மலையின் முதுகுக்குப் பின்னால் சில கிலோமீட்டரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு. அது தெரிந்தும் வந்தார்கள்.

பெட்டிச் செய்தி: குல்மார்க் ஒரு பார்வையில்

- இருப்பிடம்: பாரமுல்லா மாவட்டம், பீர் பஞ்சால் மலைத்தொடர். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ.
- உயரம்: ஊர் சுமார் 2,650 மீட்டர். அஃபர்வட் உச்சி சுமார் 4,200 மீட்டர்.
- கேபிள் கார்: குல்மார்க் முதல் கோங்டோரி வரை முதல் கட்டம், கோங்டோரியிலிருந்து அஃபர்வட் தோள் வரை இரண்டாம் கட்டம். நடத்துவது ஜம்மு காஷ்மீர் அரசின் கேபிள் கார் கழகம்.
- அடிவாரம்: தங்மார்க். அங்கிருந்து 13 கி.மீ. மலைச்சாலை. பனி விழுந்தால் டயரில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும்.
- சறுக்குக் காலம்: டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரை.

விழுந்து விழுந்து படிக்கும் பாடம்

குல்மார்க்கில் புதியவர்கள் சறுக்கிப் பழகும் இடம் கோடையில் கோல்ஃப் மைதானம். லேசான சரிவு, பக்கத்திலேயே டீக்கடை. பயிற்சியாளர் சொல்லும் முதல் பாடம் நிற்பதற்குத்தான்: பலகைகளின் மூக்கைச் சேர், வாலை விரி, முழங்காலை மடக்கு. சொல்லும்போது சுலபம். பூட்ஸ் கணுக்காலை இரும்பாய் இறுக்கியிருக்கும். பலகை நம் சொல் கேட்காது. உடம்பு பயத்தில் பின்னால் சாயும். சாய்ந்தால் வேகம் கூடும். கூடினால் விழ வேண்டியதுதான். விழுந்தவர் எழுவதற்குள் வேர்த்துக் கொட்டிவிடும், அந்தக் குளிரிலும்.

முதல் நாள் முழுக்க விழுந்தவர், மூன்றாம் நாள் ஐம்பது மீட்டர் விழாமல் வந்து நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சைக்கிள் பழகிய பத்து வயதுப் பிள்ளையின் முகம் அது. ஒரு மணி நேரம் பலகையை மாட்டிக்கொண்டு படம் எடுத்துவிட்டுத் திரும்பும் அவசரம் நம்மவர்களுக்கு அதிகம். இயன்றவர்கள் குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள். அரசுப் பயிற்சி நிலையத்தில் இரண்டு வார வகுப்புகள்கூட உண்டு. உடம்பும் மனசும் ஒன்றாகக் கற்றுக்கொள்ளும் வித்தை இது. ஒரு மணி நேரத்தில் கைக்கு வராது.

கோலமாவுப் பனியின் மயக்கம்

பயிற்சி மைதானத்தைத் தாண்டி மேலே போனால் ஆட்டம் வேறு. ஐரோப்பாவின் சறுக்கு நகரங்களில் பெரும்பாலான பாதைகளை இயந்திரம் வைத்துச் சமன்படுத்தியிருப்பார்கள். அஃபர்வட்டில் பெரும்பகுதி இயற்கையாக விழுந்தபடியே கிடக்கும் பனி. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றலைகள் கொண்டு கொட்டும், ஈரம் குறைந்த, இறகு போன்ற பனி. அதில் முழங்கால் வரை புதைந்து மிதந்து வருவதற்குத்தான் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். நல்ல பனி இருக்கும் நாளில், உச்சியில் தொடங்கி பிர்ச் மரக்காட்டுக்குள் நுழைந்து, சூஃபி ஞானி பாபா ரேஷியின் தர்கா இருக்கும் கிராமம் வரைக்கும் சறுக்கிக்கொண்டே போய்விடலாம். அங்கிருந்து ஜீப் பிடித்து மறுபடி குல்மார்க்.

ஆபத்தும் அதே பனியில்தான் இருக்கிறது.

2010 பிப்ரவரி 8-ஆம் தேதி குல்மார்க்குக்கு மேலே உள்ள கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் மேல் பனிச்சரிவு விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். பனிமலையில் வாழவும் போரிடவும் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அஃபர்வட்டின் ஹப்பத்குட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர் மாண்டார்கள். 19 வெளிநாட்டவரும் உள்ளூர் வழிகாட்டிகள் இருவரும் மீட்கப்பட்டார்கள். 2024 பிப்ரவரி 22-ஆம் தேதி ரஷ்யர் ஒருவர் இறந்தார். அன்று கீழே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்தன.

அந்த 2024-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியின் பெரும்பகுதி குல்மார்க்கில் பனியே இல்லை. காய்ந்த பழுப்புப் புல்லின் படங்கள் நாடெங்கும் பரவின. பிப்ரவரி தொடக்கத்தில் நடக்கவிருந்த விளையாட்டுகளை 21-ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். ஜனவரிக் கடைசியில்தான் பனி வந்தது. பிப்ரவரியிலேயே பனிச்சரிவு உயிரைக் குடித்தது. பனி இல்லாமையும் பனிச்சரிவும் எதிரெதிரானவை என்று தோன்றும். மலையை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மெல்லிய பனி நாள்கணக்கில் வறண்ட குளிரில் கிடந்தால், அடிப்பகுதி ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைக் குருணையாக மாறிவிடும். அதன்மேல் ஒரே மூச்சில் மூன்றடி புதுப்பனி விழுந்தால்? தரையில் ரவையைப் பரப்பி, அதன்மேல் கனத்த பலகையை வைத்து, சாய்த்த கதைதான். ஒரு மனிதரின் எடையே அதை இழுத்துவிடப் போதும். பனிக்காலம் சுருங்கச் சுருங்க, அடித்தளம் பலவீனமான மலையில்தான் அதிகம் பேர் இறங்க வேண்டிவரும். பனி வந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் எல்லோரும் சறுக்கித் தீர்க்கத் துடிப்பதால், பொறுமையும் குறையும்.

ஊன்றுகோலைத் தலைகீழாகக் குத்திப் பார்த்த அந்த வழிகாட்டி தேடியது இந்தக் குருணையைத்தான்.

பெட்டிச் செய்தி: பனிச்சரிவு – உயிர் காக்கும் விவரங்கள்

- பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஏற்படுகிறது. சறுக்குவதற்கு எல்லோரும் விரும்பும் சாய்வும் அதுவே.
- அபாய அளவு 1 முதல் 5 வரை. 3 என்றாலே கணிசமான ஆபத்து.
- புதைந்தவரை முதல் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதன் பிறகு வாய்ப்பு மளமளவென்று சரியும். காப்பாற்றக்கூடியவர் உடன் வந்தவர்தான். வெளியிலிருந்து உதவி வரும்வரை நேரம் இருக்காது.
- மூன்று கருவிகள் ஒவ்வொருவரிடமும் வேண்டும்: சமிக்ஞை அனுப்பவும் பெறவும் டிரான்சீவர், பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி, மண்வாரி போன்ற பனிவாரி. பையில் இருந்தால் போதாது. பயன்படுத்தப் பழகியிருக்க வேண்டும்.
- காஷ்மீர் மலைகளுக்கான எச்சரிக்கைகளை சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் டி.ஜி.ஆர்.இ. வெளியிடுகிறது.

பனி வராத ஜனவரி

காஷ்மீரிகளின் நாட்காட்டியில் குளிர்காலத்துக்கு மூன்று பெயர். டிசம்பர் 21-ல் தொடங்கி 40 நாள் சில்லாய் கலான், பெரிய குளிர். அடுத்த 20 நாள் சில்லாய் குர்த், சின்னக் குளிர். கடைசி 10 நாள் சில்லாய் பச்சா, குழந்தைக் குளிர். பெரிய குளிரில் விழும் பனிக்குத்தான் மதிப்பு. அது இறுகி, அடுக்கடுக்காய் உறைந்து, வெயிற்காலம் வரை மெல்ல மெல்ல உருகி ஓடைகளுக்கு நீர் கொடுக்கும். பிப்ரவரிக்குப் பிறகு விழுவது தங்காது. வெயில் பட்டதும் ஓடிவிடும்.

சில்லாய் கலானே வெறுமையாகப் போனால் யார் யாருக்கு என்னென்ன ஆகும்? தங்மார்க் கடைத்தெருவிலிருந்து தொடங்கலாம். அங்கே வரிசையாகக் கம்பூட்ஸும் கோட்டும் வாடகைக்கு விடும் கடைகள். பனி இல்லாவிட்டால் கம்பூட்ஸ் எதற்கு? அடுத்து, சங்கிலி வண்டி ஓட்டுநர். சாலை காய்ந்து கிடந்தால் பயணிகள் வந்த காரிலேயே மேலே போய்விடுவார்கள். ஸ்லெட்ஜ் இழுப்பவருக்குப் புல்லில் பலகை நகராது. பயிற்சியாளருக்கு வகுப்பு இல்லை. பலகை வாடகைக் கடைக்காரர் இலையுதிர் காலத்திலேயே கடன் வாங்கிச் சாமான் இறக்கியிருப்பார். வெளிநாட்டுக் குழுக்கள் ஆறு மாதம் முன்பு செய்த பதிவை ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்துவிடுவார்கள். குதிரைக்காரர் ஒருவருக்குத்தான் ஓரளவு பிழைப்பு. ஆனால் பனி பார்க்க முடியாத ஊருக்கு எத்தனை பேர் வருவார்கள்? வேலை இல்லாவிட்டாலும் குதிரைக்குத் தீவனம் போட்டாக வேண்டும்.

இந்தக் கணக்கு குல்மார்க்கோடு நிற்கவில்லை. ஆப்பிள் மரத்துக்கு நீண்ட குளிருறக்கம் வேண்டும். குளிர் குறைந்தால் முன்கூட்டியே பூக்கும். பூத்த பிறகு திடீரென உறைபனி வந்தால் பூவெல்லாம் கருகும். காஷ்மீரின் பொருளாதாரத்தில் சுற்றுலாவைவிட ஆழமாக வேரோடியிருப்பது ஆப்பிள். 2025 பிப்ரவரியில் தெற்குக் காஷ்மீரின் அச்சபல் ஊற்று வற்றியது. முகலாயர் தோட்டம் கட்டி அழகு பார்த்த ஊற்று அது. அதை நம்பிக் குடிநீர் எடுத்த கிராமங்கள் தவித்துப் போயின. அதே மாதம் 22-ஆம் தேதி குல்மார்க்கில் தொடங்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகள், பனி போதாமல் மார்ச் 9-க்குத் தள்ளிப்போயின. தொடர்ந்து இரண்டாவது ஆண்டு.

இயற்கை விட்டுவைத்ததை மனிதர்கள் பறித்த கொடுமையும் உண்டு. 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர். அதன் பிறகு காஷ்மீரில் சுமார் 48 சுற்றுலா இடங்களை அரசு மூடியது. பதிவுகள் கூட்டம் கூட்டமாக ரத்தாயின. துக்கம் எல்லோருக்கும் பொது. வருமானம் போனது மலைக்காரர்களுக்கு.

இப்படிப்பட்ட நிலையில் குல்மார்க்கே தன் கண்ணைத் தானே குத்திக்கொள்வதையும் சொல்ல வேண்டும். 2023-ல் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் கேபிள் காரில் ஏறியிருக்கிறார்கள். அத்தனை பேரின் குப்பையும் கழிவுநீரும் ஒரு சின்னக் கிண்ணம் போன்ற புல்வெளிக்குள். கட்டடங்களைக் கட்டுப்படுத்த உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2017 ஜூன் 25-ஆம் தேதி பலத்த காற்றில் மரம் சாய்ந்து கேபிள் கார் பாதையில் விழுந்ததில் 7 பேர் பலியானார்கள். அவர்களில் மூவர் உள்ளூர் வழிகாட்டிகள். மலை எப்போது கணக்குக் கேட்டாலும் அதில் உள்ளூர்ப் பெயர் சேராமல் போவதில்லை.

சறுக்கு முடிந்த பிறகு

மாலை ஐந்து மணிக்கே இருட்டு இறங்குகிறது. விடுதியில் புகாரி எனப்படும் விறகு அடுப்பைச் சுற்றி எல்லோரும் கூடுகிறார்கள். ஈரக் காலுறைகள் அடுப்போரத்துக் கொடியில் ஆவி விடுகின்றன. குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்தே விட்டிருக்கிறார்கள்.

விடுதிப் பையன் ஃபெரன் அங்கிக்குள் கையை மறைத்துக்கொண்டு வருகிறான். உள்ளே காங்ரி. கூடை பின்னிய மண்சட்டி, அதில் தணல். சாம்பலை ஒரு கரண்டியால் லேசாகக் கிளறினால் செந்தணல் கண் திறக்கும். அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடக்க, உட்கார, தூங்கக்கூட அவர்களுக்குத் தெரியும். நமக்குக் கொடுத்தால் இரண்டு நிமிடம் பிடிப்பதற்குள் உதறல்.

காலையில் நூன் சாய். உப்புப் போட்ட, இளஞ்சிவப்பு நிற டீ. முதல் வாய் தொண்டையில் இறங்க மறுக்கும். ரொட்டிக்காரர் தந்தூரில் சுட்ட கிர்தாவைப் பிய்த்து அதில் தோய்த்துத் தின்றால் இரண்டாம் நாள் பிடித்துவிடும். குளிர்காலத்துக்கென்றே உள்ளது ஹரீசா. ஆட்டிறைச்சியை இரவு முழுக்க மெல்லிய நெருப்பில் வேகவிட்டு, மசித்து, மேலே சூடான எண்ணெய் ஊற்றித் தருவார்கள். ஸ்ரீநகரின் பழைய தெருக்களில் விடிவதற்கு முன்பே ஆள் கூடிவிடும். சறுக்கப் போகிறவர்கள் ஸ்ரீநகரில் ஒரு காலையாவது தங்கி இதைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஒலிம்பிக் வரை போன தங்மார்க் பையன்

1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் காஷ்மீர்ப் பனிச்சறுக்கு வீரர் குல் முஸ்தஃபா தேவ் கலந்துகொண்டார். 34 ஆண்டுகள் கழித்து, 2022 பெய்ஜிங்கில் இந்தியாவின் சார்பில் போன ஒரே வீரர் தங்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான். நாலு வயதில் பலகை ஏறியவர். அப்பா குல்மார்க்கில் சறுக்குக் கருவிக் கடை வைத்திருந்தார். பணம் இல்லாததால் 2018 ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவியது. பெய்ஜிங்கில் ஜயண்ட் ஸ்லாலம் பிரிவில் 45-ஆவது இடம். பட்டியலில் பார்த்தால் சின்ன எண். தங்மார்க் பிள்ளைகள் அதைப் பார்த்த விதம் வேறு. கம்பூட்ஸ் வாடகைக் கடைகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் தேசியக் கொடி பிடித்துப் போனார் என்பதை அவர்கள் மறக்கப் போவதில்லை.

அந்தப் பிள்ளைகளுக்குப் பனி மிஞ்சுமா என்பது நம் கையில் மட்டும் இல்லை. ஆனால் கேபிள் கார் கழகத்துக்கு வரும் வருமானத்தின் முதல் பங்கு எங்கே போக வேண்டும் என்பது அரசின் கையில் இருக்கிறது. பனிச்சரிவைக் கண்காணிக்கும் ரோந்துக் குழுவுக்கு ஆளும் கருவியும், வழிகாட்டிகளுக்கும் ஸ்லெட்ஜ்காரர்களுக்கும் விபத்துக் காப்பீடும், பனி பொய்த்த ஆண்டில் பிழைப்பூதியமும். புதிய விடுதிகள் அதற்குப் பிறகு வரட்டும்.

குல்மார்க் போகிறவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். கேபிள் கார் டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். ரோந்துக் குழு கயிறு கட்டித் தடுத்த இடத்துக்குள் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். வழிகாட்டி ‘இன்று வேண்டாம்’ என்றால் கொடுத்த பணம் போனாலும் போகட்டும் என்று திரும்பிவிடுங்கள். ஸ்லெட்ஜில் ஏறும் முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்ட பிறகு நூறு ரூபாய்க்காக அடித்துப் பேசாதீர்கள். கயிற்றைத் தோளில் போட்டு நம்மை இழுத்துப் போகும் அந்த மனிதருக்கு, பனி ஒழுங்காக விழுந்தாலும், ஆண்டுக்கு மூன்று மாதம்தான் வேலை.